அந்த ஒரு காலத்தை டெலீட் பண்ணாதீங்க

மக்களே, முதல்ல ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன். போன வருஷம் ஜூன் மாசம், இன்டர்ன்ஷிப் போன இடத்துல, ஒரு எக்செல் ஷீட்ல இருந்து ஒரே ஒரு காலத்தை டெலீட் பண்ணினேன். ஏன் பண்ணினேன்னு கேட்டா பதில் ரொம்ப சப்பையானது. ஏ3 தாள்ல பிரின்ட் எடுக்கும்போது அது அடங்கல. அவ்வளவுதான் காரணம். ஆனா அதனால ஒரு ஹால் ஸ்லாபுக்கு அடியில நின்ன முட்டுகளை நாலு நாள் முன்னாடியே பிரிச்சிருப்பாங்க. பிரிக்கல. அதுக்குக் காரணம் நான் இல்ல, ஒரு மேஸ்திரி.

(இங்க ‘காலம்’னா நேரம் இல்ல, எக்செல்ல மேல இருந்து கீழ போற காலம். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாயிடுது. இந்தக் கட்டுரைக்கு அதுவும் பொருத்தமாத்தான் இருக்கு.)

கம்பெனி பேர், ஊர் பேர் எதுவும் வேண்டாம். சிவில் படிக்கிறவங்க எந்த சைட்டுக்குப் போனாலும் இதே கதையைத்தான் பார்ப்பீங்க. ஆபீஸ்ல பிளானிங் பாக்குறவர் எம்எஸ் ப்ராஜெக்ட்ல ஷெட்யூல் போடுவார். பெரிய ப்ராஜெக்ட்னா பிரைமவேரா. அந்த சாஃப்ட்வேர் ஆபீஸ்ல ஒண்ணு ரெண்டு கம்ப்யூட்டர்லதான் இருக்கும். நாம வழக்கமா வாங்குற ஆபீஸ் பேக்கேஜ்ல எம்எஸ் ப்ராஜெக்ட் வராது, தனியா காசு கட்டணும். சைட்ல இருக்கிற இன்ஜினியருக்கு ஒரு போன், ஒரு வாட்ஸ்அப் குரூப். அப்போ என்ன நடக்கும்? “தம்பி, அதை எக்செல்ல போட்டு அனுப்பு.” இன்டர்ன்ஷிப்ல நான் அதிகமா கேட்ட வாக்கியம் இதுதான்.

இதைக் கேட்டதும் நம்ம பசங்க சிரிப்பாங்க. “இன்னும் எக்செல்லயா?” அப்படின்னு. நானும் முதல் வாரம் சிரிச்சேன். இப்போ சிரிக்க மாட்டேன். எக்செல் எல்லார் போன்லயும் திறக்கும். ஃபில்டர் போட்டு ‘எலக்ட்ரிக்கல்’னு மட்டும் எடுத்து எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டருக்கு அனுப்பலாம். அடுத்த ரெண்டு வார வேலையை மட்டும் பிரிச்சு சைட் ஆபீஸ் சுவத்துல ஒட்டலாம். முந்நூறு வரி ஷெட்யூலை யாரும் சுவத்துல ஒட்ட முடியாது. அதனால ‘எக்செல் வேண்டாம், எல்லாரும் பிரைமவேரா கத்துக்கணும்’னு நான் சொல்ல வரல. எக்ஸ்போர்ட் பண்ணத்தான் போறோம். அப்படிப் பண்ணும்போது எது கீழ விழுந்துடுதுன்னு தெரிஞ்சு பண்ணணும். நான் சொல்ல வர்றது அவ்வளவுதான்.

எது விழுது?

அந்த மேஸ்திரியோட பேச்சுல இருந்தே சொல்றேன். அவர்கிட்ட வேலை வரிசை கேட்டா இப்படித்தான் சொல்வார்: “சென்ட்ரிங் அடிச்சாத்தான் கம்பி. கம்பி கட்டுனாத்தான் பைப்பு. பைப்பு ஓட்டி இன்ஜினியர் பாத்தாத்தான் கான்கிரீட்டு.” எல்லா வரியிலயும் ஒரு ‘ஆத்தான்’ இருக்கு பாருங்க. தேதியே இல்ல. ஆனா வேலைக்குத் தேவையானது முழுக்க இருக்கு. எம்எஸ் ப்ராஜெக்ட்ல ‘பிரெடிசெசர்ஸ்’னு ஒரு காலம் இருக்குமே, அது இந்த ‘ஆத்தான்’தான். இந்த வேலைக்கு முன்னாடி எது முடியணும், முடிஞ்சு எத்தனை நாள் காத்திருக்கணும்னு அதுலதான் இருக்கும். அதை வச்சுத்தான் சாஃப்ட்வேர் தேதியைக் கணக்குப் போடுது. தேதி விடை. ‘ஆத்தான்’தான் கணக்கு.

எக்செல்லுக்குப் போகும்போது விடை மட்டும் போகுது, கணக்கு அங்கேயே நின்னுடுது. பிரெடிசெசர்ஸ் காலத்தைச் சேர்த்து எக்ஸ்போர்ட் பண்ணினாலும் அது அங்க வெறும் எழுத்துதான். ஒரு தேதியை மாத்தினா அடுத்த தேதி நகராது. எம்எஸ் ப்ராஜெக்ட்ல நகரும். பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரி கட்டம் கட்டமாத்தான் தெரியும், அதுதான் ஆபத்து. ஒரு பிடிஎஃப் குடுத்தா யாரும் அதுல டைப் பண்ணிப் பாக்க மாட்டாங்க. எக்செல் குடுத்தா பண்ணுவாங்க. ஏன்னா எக்செல்ல ஒரு நம்பரை மாத்தினா மத்தது மாறும்ங்கிறது நம்ம கைக்கே பழகிப்போன நம்பிக்கை.

இப்போ நடந்ததைச் சொல்றேன்.

ஷெட்யூல்ல ஒரு ஹால் ஸ்லாப் கான்கிரீட் ஜூன் 9. அந்த ஸ்லாபோட ஸ்பான் நாலரை மீட்டருக்கு மேல. ஐஎஸ் 456 என்ன சொல்லுதுன்னு ஞாபகம் இருக்கா? ஸ்லாபுக்கு அடியில இருக்கிற முட்டுகளை, ஸ்பான் 4.5 மீட்டர் வரைக்கும்னா 7 நாளும், அதுக்கு மேலன்னா 14 நாளும் கழிச்சுத்தான் எடுக்கணும். எக்ஸாம்ல ரெண்டு மார்க் கேள்வி. பிளானிங் இன்ஜினியர் அதை ஒழுங்கா போட்டிருந்தார். முட்டு பிரிக்கிற வேலைக்குப் பக்கத்துல ‘47எஃப்எஸ்+14 இடேஸ்’னு இருந்தது. அதாவது 47ஆவது வேலை முடிஞ்சு 14 நாள் கழிச்சு. அந்த ‘இ’ எதுக்குன்னா, ஞாயித்துக்கிழமையும் சேர்த்து எண்ணு, கான்கிரீட்டுக்கு லீவு கிடையாதுன்னு அர்த்தம். வெறும் 14 டேஸ்னு போட்டா சாஃப்ட்வேர் வேலை நாளை மட்டும்தான் எண்ணும். எனக்கு இது அப்போதான் தெரியும். லேப்ல சொல்லித்தரல. அதனால முட்டு பிரிக்கிற தேதி ஜூன் 23.

இதை எக்செல்லுக்கு மாத்துற வேலை எனக்கு வந்தது. சேவ் ஆஸ் போய், எக்செல் ஒர்க்புக் எடுத்து, விசார்ட்ல நெக்ஸ்ட் நெக்ஸ்ட். பிரின்ட் பிரிவியூ பாத்தா கடைசி காலம் ரெண்டாவது பக்கத்துக்குப் போகுது. பூரா ‘47எஃப்எஸ்’, ‘51எஸ்எஸ்’னு கிறுக்கல் மாதிரி இருக்கு. இதை சைட்ல யார் படிக்கப் போறாங்கன்னு நானே முடிவு பண்ணி, டெலீட். ஷீட் அழகாயிடுச்சு. எல்லா வேலைக்கும் கலர் வேற அடிச்சேன். “சூப்பர் தம்பி”ன்னு பாராட்டு வேற.

எலக்ட்ரிக்கல் பைப் ஓட்டுற ஆளுங்க நாலு நாள் லேட். கான்கிரீட் ஜூன் 13க்குப் போச்சு. சைட் இன்ஜினியர் என்ன பண்ணினார்? என் எக்செல்லை போன்ல திறந்து 9ஐ 13ஆ மாத்தி, குரூப்ல போட்டார். அவர் மேல தப்பே இல்ல, அவர் வேலையை அவர் செஞ்சார். ஆனா கீழ இருந்த 23 அப்படியே உட்கார்ந்திருந்தது. ஆபீஸ்ல இருக்கிற ஒரிஜினல் ஃபைலுக்கு இந்த மாற்றம் போகவே இல்ல, அதை மாசக் கடைசியிலதான் அப்டேட் பண்ணுவாங்க. அதுக்குள்ள அடுத்த ரெண்டு வார வேலைன்னு நான் அதே ஷீட்டை ஃபில்டர் பண்ணி, பிரின்ட் எடுத்து, சுவத்துல ஒட்டினேன். ஜூன் 23, முட்டு பிரித்தல், ஹால். மஞ்சள் கலர்.

23ஆம் தேதி காலையில ஆளுங்க வந்தாச்சு. அந்த முட்டுகள் பக்கத்து பிளாக்குக்கு வேணும், வண்டியும் ரெடி. மேஸ்திரி சுவத்துல இருந்த தாளைப் பாத்தார். அப்புறம் விரலை மடக்கி எண்ணினார். “வெள்ளிக்கிழமைதானே போட்டோம்? பத்து நாள்தான் தம்பி ஆவுது. தாள் என்ன வேணா சொல்லட்டும், நான் கை வைக்க மாட்டேன்.” மேல அடுத்த தளத்துக்கு சென்ட்ரிங் அடிக்க வேற ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த வெயிட்டும் இந்த ஸ்லாப் மேலதான்.

பிரிச்சிருந்தா விழுந்திருக்குமா? விழாமலும் இருந்திருக்கலாம். ஏழு நாள்லயே 28 நாள் பலத்துல ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு வந்துடும்னு நாம படிக்கிறோம். ஆனா ‘இருந்திருக்கலாம்’ங்கிற வார்த்தையை நம்பி அடியில நிக்கப் போறது நான் இல்ல. முட்டைக் கழட்டுற அந்த ஆறு பேர். அன்னிக்கு மத்தியானம் சாப்பாடு இறங்கல எனக்கு. யாரும் என்னைத் திட்டலங்கிறதுதான் இன்னும் மோசம். ஏன்னா அந்த காலம் முதல்ல இருந்ததே யாருக்கும் தெரியாது.

இந்த இடத்துல கொஞ்சம் பின்னாடி போகலாம். கான்ட் சார்ட்ங்கிறது 1910கள் காலத்து விஷயம். எந்த வேலை எப்போன்னு கோடு கோடா காட்டும். எது முடிஞ்சா எதுங்கிறதை அது காட்டல. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 1950களோட கடைசியில டுபான்ட், ரெமிங்டன் ராண்ட் ஆளுங்க சேர்ந்து கிரிட்டிக்கல் பாத் முறையைக் கொண்டு வந்தாங்க. அதே சமயத்துல அமெரிக்க கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக பெர்ட் முறையைக் கொண்டு வந்தது. நாம ஆறு மாசம் உட்கார்ந்து படிக்கிற அந்த அம்புக்குறி டயக்ராம் எல்லாம் இந்த ‘ஆத்தான்’ஐ எழுதி வைக்கிறதுக்காகவே கண்டுபிடிச்சது. ஒரு டெலீட் கீயில நான் அறுபது வருஷத்தைப் பின்னாடி தள்ளிட்டேன்.

சரி, அந்த காலத்தை வச்சிருந்தா மட்டும் போதுமான்னா, போதாது. எக்செல் தன் பங்குக்கும் வேலை காட்டும். இதெல்லாம் நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது.

டபிள்யூபிஎஸ் நம்பர் 1.10ன்னு இருக்கிறதை காப்பி பேஸ்ட் பண்ணினா எக்செல் அதை 1.1னு ஆக்கிடும். பத்தாவது வேலை முதல் வேலை ஆயிடும். அதைவிட மோசம் பிரெடிசெசர்ஸ். ஒரு வேலைக்கு முன்னாடி 12ம் 145ம் முடியணும்னா ‘12,145’னு இருக்கும். பேஸ்ட் பண்ணினா எக்செல்லுக்கு அது பன்னெண்டாயிரத்து நூத்தி நாப்பத்தஞ்சு. நான் அந்த நம்பர்ல ஒரு வேலையை அரை மணி நேரம் தேடியிருக்கேன். பேஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே அந்த காலத்தை ‘டெக்ஸ்ட்’னு மாத்தி வச்சா ரெண்டு பிரச்சினையும் வராது. இந்த ‘நானே புரிஞ்சுக்கிறேன்’ புத்தி நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்ல. மனித ஜீன்களோட பேரை எக்செல் தேதியா மாத்திக்கிட்டே இருந்ததால, 2020ல ஜீன்களுக்குப் பேர் வைக்கிற கமிட்டி ‘மார்ச்1’, ‘செப்ட்1’ மாதிரி பேர்களையே மாத்திட்டாங்க. சாஃப்ட்வேரைத் திருத்துறதைவிட மனுஷனோட ஜீன் பேரைத் திருத்துறது ஈஸியா இருந்திருக்கு.

அடுத்து, எம்எஸ் ப்ராஜெக்ட்ல தலைப்பு வேலைகள் தடிமனா, உள்தள்ளி எல்லாம் இருக்கும். விசார்ட் வழியா எக்செல்லுக்குப் போனதும் அந்த உள்தள்ளல் போயிடும். ‘தரைத்தளம்’ங்கிற தலைப்பும் அதுக்குள்ள இருக்கிற இருபது வேலையும் பக்கத்துல பக்கத்துல சமமா உட்கார்ந்திருக்கும். காஸ்ட் காலத்துக்குக் கீழ ‘சம்’ போட்டுப் பாருங்க. தலைப்போட தொகை, உள்ள இருக்கிறதோட தொகை ரெண்டும் சேர்ந்து, பில்டிங் விலை ரெண்டு மடங்குக்கும் மேல போயிடும். ‘அவுட்லைன் லெவல்’, ‘சம்மரி’ங்கிற ரெண்டு ஃபீல்டையும் சேர்த்து எக்ஸ்போர்ட் பண்ணினா ஃபில்டர் போட்டுத் தப்பிக்கலாம்.

பிரைமவேராவுல இன்னொரு வேடிக்கை. முடிஞ்ச வேலையோட தேதிக்குப் பின்னாடி ஒரு ‘ஏ’ போடும், ஆக்சுவல்னு அர்த்தம். அப்படியே காப்பி பண்ணினா எக்செல்லுக்கு அது தேதியே இல்ல, வெறும் எழுத்து. மினிமம், மேக்ஸிமம் கேட்டா அதையெல்லாம் சத்தமில்லாம விட்டுட்டு பதில் சொல்லும். எரர் வந்தா நாம முழிச்சுப்போம், வராததுதான் பிரச்சினை. ஆனா ஒண்ணு, பிரைமவேராவோட எக்செல் எக்ஸ்போர்ட்ல வேலைகளுக்கு நடுவுல இருக்கிற தொடர்பைத் தனி ஷீட்டா எடுத்துக்கலாம். நல்ல ஏற்பாடு. எடுத்தவங்க ‘இது எதுக்கு’ன்னு அந்த ஷீட்டைத் தூக்கிட்டு ஃபார்வர்ட் பண்ணாத வரைக்கும்.

அப்போ என்ன பண்ணணும்ங்கிறீங்க? என் கருத்தை சொல்றேன், ஒத்துக்காதவங்க சண்டைக்கு வரலாம்.

எக்செல் ஷீட்டை ஷெட்யூலோட போட்டோன்னு நினைங்க. போட்டோல தேதி போடுவோம்ல? அதே மாதிரி மேல முதல் வரியில ‘இந்தத் தேதி வரைக்கும் உள்ள நிலவரம், மாத்தணும்னா இன்னாருக்குச் சொல்லவும்’னு எழுதுங்க. ஷீட்டை புரொடெக்ட் பண்ணிடுங்க. லாக் பண்றது சைட் ஆளுங்களை அவமானப்படுத்துற மாதிரின்னு ஒரு சீனியர் சொன்னார். எனக்கு அப்படித் தோணல. மாத்த முடியலைன்னா போன் பண்ணுவாங்க. போன் பண்ணினா ஒரிஜினல்ல மாறும். ஒரிஜினல்ல மாறினா 23 தானா 27 ஆகும். அந்த ஒரு போன்கால் நடக்காததுதான் எங்க சைட்ல பிரச்சினையே. பக்கத்துலயே ‘சைட் சொல்ற தேதி’ன்னு ஒரு காலி காலம் மட்டும் திறந்து விடுங்க, அவங்க அதுல எழுதட்டும்.

பிரெடிசெசர்ஸ் காலத்தை மட்டும் தூக்காதீங்க. ‘47எஃப்எஸ்+14’னு இருந்தா யாருக்கும் புரியாதுன்னு நான் நினைச்சது கொஞ்சம் உண்மைதான். அதுக்கு வழி டெலீட் இல்ல. பக்கத்துல இன்னொரு காலம் போட்டு, ‘ஹால் கான்கிரீட் போட்டு 14 நாள் கழிச்சுத்தான்’னு தமிழ்ல எழுதுறது. எல்லா வரிக்கும் எழுத வேண்டாம், முந்நூறு வரிக்கு யாரால முடியும்? யாருக்காவது அடிபடக்கூடிய வரிகளுக்கு மட்டும். முட்டு பிரிக்கிறது, சாரம் கழட்டுறது, பள்ளத்துக்குப் பக்கத்துல லோடு ஏத்துறது. ஒரு மாடிக்கு நாலஞ்சு வரி வரும். அந்த நாலஞ்சு செல்லுல தேதியை டைப் பண்ணாம, கான்கிரீட் தேதி செல்லோட 14ஐக் கூட்டு ஃபார்முலாவே போட்டுடுங்க. அப்போ லாக்கை உடைச்சு யாராவது மேல மாத்தினாலும் கீழ நகரும். ‘ரெண்டு இடத்துல கணக்கு இருந்தா குழப்பம்’னு பிளானிங் ஆளுங்க சொல்வாங்க, அது நியாயமான பேச்சு. ஆனாலும் இந்த நாலு வரிக்கு அந்தக் குழப்பத்தை நான் தாங்கிக்குவேன்.

நம்ம காலேஜ் பத்தியும் ஒரு வார்த்தை. லேப்ல நமக்கு ஷெட்யூல் போடத்தான் சொல்லித்தர்றாங்க. அதை வேற ஒருத்தர் கைல எப்படிக் குடுக்கிறதுன்னு யாரும் சொல்லல. ரெக்கார்ட் நோட்ல கான்ட் சார்ட் பிரின்ட் ஒட்டினதோட முடிஞ்சுது. வேலைக்குப் போற நம்மள்ல பாதி பேர் முதல் வருஷம் ஷெட்யூல் போடப் போறதில்ல, யாரோ போட்டதை எக்செல்ல மாத்தி அனுப்பப் போறோம். ஒரு லேப் கிளாஸ் போதும். ஒரு ஃபைலை எக்ஸ்போர்ட் பண்ணச் சொல்லி, நடுவுல ஒரு தேதியை மாத்தச் சொல்லி, என்னென்ன தப்பாச்சுன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. லைசென்ஸ் இல்லன்னா ப்ராஜெக்ட்லிப்ரே இருக்கு, ஃப்ரீ. நான் துறைத்தலைவர்கிட்ட கேட்டிருக்கேன். “பாக்கலாம்பா”ன்னு சொல்லியிருக்கார்.

சிவில் இல்லாதவங்க ‘நமக்கென்ன’ன்னு ஸ்க்ரோல் பண்ண வேண்டாம். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு எக்செல்ல கட்டத்துக்கு கலர் அடிச்சு ஒரு கான்ட் சார்ட் போட்டீங்கல்ல? சென்சார் வர லேட்டாச்சுன்னதும் அந்த ஒரு கட்டத்தை மட்டும் வலது பக்கம் நகர்த்தினீங்கல்ல? டெஸ்டிங்கோட கலர் அதே இடத்துலதானே இருக்கு? எங்க டீம்லயும் அப்படித்தான் இருந்தது. ரெண்டாவது ரிவ்யூவுக்கு நேத்து ராத்திரி உட்கார்ந்து எல்லா வரிக்கும் ‘எது முடிஞ்சாத்தான்’னு ஒரு காலம் சேர்த்தோம். சேர்த்துப் பாத்தா, டெஸ்டிங் முடியுறதுக்கு மூணு நாள் முன்னாடியே ரிப்போர்ட் பைண்டிங் முடிஞ்சிருந்தது.